அஞ்சறைப்பெட்டியை எதில் செய்வது? வீவக சமையலறைக்கு ஐந்து பொருள்கள், ஓர் ஒப்பீடு

இரண்டு மாதமாக மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாமவர் சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சாவி வாங்கியிருக்கும் ஒரு தங்கை. பாட்டி வீட்டு அஞ்சறைப்பெட்டி மாதிரி ஒன்று வேண்டும், ஆனால் கபினெட் இழுப்பறைக்குள் அடங்க வேண்டும், கடையில் பார்த்தது எதுவும் பிடிக்கவில்லை, ஆகவே செய்துகொள்ளலாம் என்று இருக்கிறார். இரண்டாமவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு படிக்கும் தம்பி. 'நம் கலாசாரத்தைத் தொட்டு ஒரு வீட்டுப்பொருள்' என்பது அவருடைய இறுதியாண்டு வேலை. மூன்றாவது என் அக்கா. அவருக்கு எதையும் செய்ய வேண்டாம், எதை வாங்குவது என்று சொன்னால் போதும், அதுவும் சனிக்கிழமைக்குள்.

மூவரும் எடுத்த எடுப்பில் கேட்டது 'எந்த மாதிரி டிசைன்' என்று. நான் திருப்பிக் கேட்டது 'எதில்' என்று. பெட்டி வட்டமா சதுரமா, மூடி தூக்குவதா தள்ளுவதா, எத்தனை அறை என்பதில் பாதிக்குமேல் அதைச் செய்யும் பொருளே முடிவு செய்துவிடுகிறது. நாம் 'பாரம்பரிய வடிவம்' என்று சொல்வதில்கூட நிறைய, மரமும் தகடும் போட்ட நிபந்தனைதான். கீழே அதைத்தான் பிரித்துப் பார்க்கப்போகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் ஈரம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. விடியற்காலையில் 90க்கு மேலே போகும், மழையில்லாத பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். சாதாரண உப்பு 75 விழுக்காட்டைத் தாண்டினாலே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். அதனால் எந்தப் பெட்டியானாலும் சரி, அதில் உப்பு அறை வைக்காதீர்கள். உப்பு தனி ஜாடியில் இருக்கட்டும்.

இரண்டாவது, கை. இதைப் பார்ப்பதற்காகவே அம்மா தாளிக்கும்போது பக்கத்தில் நின்று கைபேசியில் படம் பிடித்தேன். எண்ணெய் காய்ந்ததும் கடுகு. அது வெடித்து அடங்கும் முன்னே உளுத்தம்பருப்பு. பருப்பு சிவக்கிற நேரத்தில் சீரகம், கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் பெருங்காயம். பெட்டியைத் திறந்ததிலிருந்து மூடும்வரை 40 விநாடி. அந்த 40 விநாடியும் இடது கை கரண்டிக் காம்பை விடவே இல்லை. வேலையெல்லாம் வலது கையின் மூன்று விரல்களுக்குத்தான். கண் பெட்டிப் பக்கம் போகவும் இல்லை. கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று விரலுக்கே தெரிந்திருக்கிறது.

அந்த ஒரு படத்திலிருந்து எனக்குக் கிடைத்த விதிகள் இவை: மூடி ஒற்றைக் கையால் திறக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனி மூடி கூடாது. மூன்று விரல் சேர்த்து உள்ளே போய்த் திரும்ப அறையின் வாய் 6 செ.மீ.யாவது இருக்க வேண்டும் (அம்மாவின் மூன்று விரல் சேர்ந்தால் 4.5 செ.மீ., அளந்தேன், 'உனக்கு வேற வேலையே இல்லையா' என்றார்). அறைகளின் இடம் மாறக்கூடாது.

தம்பி காட்டிய முதல் வரைபடத்தில் மூடி முழுக்கச் செதுக்கிய புள்ளிக்கோலம் இருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் அடுப்புப் பக்கத்தில் இருக்கிற மூடியில் பள்ளம் தோண்டினால் ஒரே மாதத்தில் அதில் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள்தூளும் சேர்ந்து ஒரு மெழுகு உட்காரும், அப்புறம் பழைய பல்துலக்கியை எடுத்துக்கொண்டு புள்ளி புள்ளியாகத் தேய்க்க வேண்டியதுதான். கலாசாரம் வேண்டுமென்றால் அந்த 40 விநாடியிலிருந்து எடுங்கள் என்று சொன்னேன். கொஞ்சம் முகம் வாடிவிட்டது. பிறகு யோசித்துவிட்டு, கோலத்தை மூடியின் உள்பக்கம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இன்னும் மோசம்.

மூன்றாவது, இடம். கபினெட் இழுப்பறையின் உள் உயரத்தை அளந்துவிட்டு மற்றதைப் பேசுங்கள். என் வீட்டில் அது 9 செ.மீ., ஆகவே கைப்பிடி வைத்த மூடியெல்லாம் அப்போதே கழன்றுகொண்டது. நான்காவது, கறையும் வாசனையும். மஞ்சளும் பெருங்காயமும் எதை விடும், எதை விடாது. ஐந்தாவது, ஒன்றே ஒன்று செய்துதர ஆள் கிடைக்குமா. ஆறாவதுதான் எல்லாரும் மறப்பது: வாங்கிய நாளுக்குப் பிறகு அது உங்களிடம் கேட்கப்போகும் நேரமும் காசும்.

## பித்தளை

அழகில் இதற்கு ஈடில்லை, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம், மணலில் அச்செடுத்து உருக்கி ஊற்றலாம். அந்த மணல் அச்சை ஒவ்வொரு முறையும் உடைத்துத்தான் பொருளை எடுக்கிறார்கள் என்பதால், ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் அச்சு புதிதாகத்தான் எடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்பவருக்கு அது நல்ல செய்தி. புவிசார் குறியீடு பெற்ற நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் பார்த்திருப்பீர்கள்: அடிப்பாகம், தண்டு, அகல், மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து மரையிட்டுத் திருகிச் சேர்த்தது. பெரிய பொருளை ஒரே வார்ப்பில் எடுப்பதன் சிரமத்திலிருந்து பிறந்த வடிவம் அது, பெட்டியில் ஏற்றி ஊர்விட்டு ஊர் கொண்டுபோகவும் அதுவே வசதியாகிவிட்டது. தம்பிக்கு நான் சொன்ன முதல் உதாரணம் இதுதான்.

ஆனால் வார்ப்பை ரொம்ப மெல்லியதாக எடுக்க முடியாது. 20 செ.மீ. விட்டம், 7 செ.மீ. உயரம், 2.5 மி.மீ. கனம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெட்டியும் மூடியும் கிண்ணங்களும் சேர்ந்து 3 கிலோவைத் தாண்டுகிறது. இழுப்பறைச் சட்டம் அதைத் தாங்கலாம். ஆனால் கனத்த மூடியை 40 விநாடிப் பந்தயத்தில் ஒற்றைக் கையால் தூக்குவது வேறு கதை. தமிழ்நாட்டிலிருந்து வாங்கி வருபவர்களுக்கு விமானப் பெட்டியில் 3 கிலோ போய்விடும், அதுவும் செலவுதான்.

அப்புறம் களிம்பு. பித்தளையில் புளியும் உப்பும் ஈரமும் பட்டால் பச்சையாகப் பூக்கும். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே வெள்ளீயம் பூசியது அதனால்தான். தெருவில் கூவிக்கொண்டு வந்து பூசித்தருபவரை இங்கே எந்தப் புளோக்கின் கீழே போய்த் தேடுவது? கடுகு, மிளகு, வெந்தயம் மாதிரி காய்ந்த முழுப் பொருள்களை உள்ளே எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு வைத்தால் பிரச்சினை குறையும். ஆனால் வெளிப்பக்கம் சில வாரத்தில் மங்கும். மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்க மனமிருந்தால் வாங்குங்கள். கல்யாணச் சீரில் வைக்க, வரவேற்பறையில் தெரியும்படி வைக்க, சரி. தினசரிச் சமையலுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## எவர்சில்வர்

அக்காவுக்கான பதில் இங்கேயே இருக்கிறது. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் எந்தப் பாத்திரக் கடையிலும் இருபது முப்பது வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கும், ஒரு கிலோ எடைகூட வராது, கழுவலாம், கீழே விழுந்தால் நசுங்குமே தவிர உடையாது. இரும்போடு 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல் சேர்ந்தது 304 தரம். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே ஒரு கண்ணுக்குத் தெரியாத படலம் போட்டுக்கொள்கிறது, கீறினாலும் அது தானே மறுபடி வளர்ந்துவிடும், துரு பிடிக்காததன் ரகசியம் அதுதான். மலிவு வகைகளில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு போடுவார்கள். கடையில் காந்தம் வைத்துப் பார்த்து வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, ஆனால் அந்த மலிவு வகையும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையை நம்பி ஏமாறாதீர்கள். காய்ந்த மசாலாவுக்கு மலிவு வகையே போதும். உப்பு வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இப்போது அந்த வட்டம். எவர்சில்வர் பெட்டி ஏன் எப்போதும் வட்டமாகவே இருக்கிறது? தட்டையான தகட்டை அச்சுக்குள் அழுத்தி இழுத்துத்தான் கிண்ணமாக்குகிறார்கள். வட்டத்தில் இழுவை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும், கூர்மூலை வைத்தால் அங்கே தகடு சுருங்கும் அல்லது கிழியும். பழைய மரப்பெட்டியை எடுத்துப் பார்த்தால் நீள்சதுரம், பலகையில் அதுதான் சுலபம். அதே கடுகு, அதே சீரகம், பொருள் மாறியதும் வடிவம் மாறிவிட்டது.

வட்டத்துக்கு விலை உண்டு. ஏழு சம வட்டக் கிண்ணங்களை ஒரு பெரிய வட்டத்துக்குள் அடுக்கினால் அவை அதில் ஒன்பதில் ஏழு பங்குதான் அடைக்கும். அந்தப் பெரிய வட்டத்தை இழுப்பறையில் வைத்தால் அது பிடிக்கும் சதுரத்தில் 78 விழுக்காடுதான் பெட்டி. இரண்டையும் பெருக்கினால், நீங்கள் கொடுத்த இடத்தில் 61 விழுக்காடுதான் மசாலா. மீதி காற்று. இன்னொரு கோளாறு: வட்டப் பெட்டியை எடுத்து வைக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் சுழன்றுவிடும், கடுகு இருந்த திசையில் மஞ்சள் வந்து நிற்கும். நடுக் கிண்ணம் மட்டும் இடம் மாறாது. எங்கள் வீட்டில் நடுவில் கடுகு இருப்பதன் காரணம் இத்தனை வருஷம் கழித்து அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சொந்த வடிவம் வேண்டும் என்பவருக்கு எவர்சில்வர் கதவைச் சாத்திவிடும். அழுத்தும் அச்சு செய்யவே ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும், ஆயிரம் பெட்டி விற்பவருக்குத்தான் அது கட்டும். ஒரு வழி இருக்கிறது: கிண்ணங்களைக் கடையில் வாங்கிவிட்டு, அவற்றை ஏந்தும் தட்டையும் மூடியையும் மட்டும் வேறு பொருளில் செய்வது. இதற்குப் பிறகு வருவோம்.

## மரம்

இதில் நான் சூடுபட்டவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சில வருடம் முன்பு காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒரு நாள் முழுக்கச் சுற்றி, தள்ளுமூடி வைத்த ஒரு மர அஞ்சறைப்பெட்டி வாங்கினேன். நல்ல கனமான மரம், விளிம்பெல்லாம் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று. அது மே மாதம், ஊரே காய்ந்து கிடந்தது, மூடி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இங்கே கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தேன். டிசம்பர் மழையில் ஒரு நாள் காலை மூடி நகரவில்லை. உள்ளே இரண்டு வாரத்துக்கான மிளகும் சீரகமும். அம்மா தோசைக்கரண்டியின் பின்பக்கத்தால் தட்டினார், நான் ஏர்கான் அறையில் ஒரு இரவு வைத்தேன், மறுநாள் மதியம் பாதி திறந்தது. அந்தப் பாதியிலேயே பல நாள் சமைத்தோம்.

நடந்தது எளிய கணக்கு. மரம் ஈரத்தை இழுத்தால் ரேகைக்குக் குறுக்கே அகலும், ரேகையின் நீளவாக்கில் ஏறத்தாழ அசையாது. தேக்கு நல்ல பிள்ளை, மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் ஆடும். அதிலேயே 20 செ.மீ. அகலப் பலகை, வறண்ட இடத்திலிருந்து நம் ஊர் ஈரத்துக்கு வந்தால் இரண்டு மில்லிமீட்டர்வரை அகலக்கூடும். தள்ளுமூடி ஓடும் காடியில் அவ்வளவு இடைவெளியை எந்தத் தச்சரும் விடுவதில்லை, விட்டால் வறட்சியில் மூடி கடகடவென்று ஆடும்.

ஆகவே இங்கே மரத்தில் செய்தால் தள்ளுமூடியை மறந்துவிடுங்கள். ஒரு மூலையில் ஒரே முளையில் சுழலும் மூடி வைக்கலாம், பழைய பெட்டிகளில் அந்த வகையும் உண்டு. பக்கவாட்டில் காடி இல்லாததால் மூடி அகன்றாலும் சிக்க எதுவும் இல்லை, பெருவிரலால் ஒரு தள்ளு, திறந்துவிடும், ஒற்றைக் கை விதிக்கு இதைவிடப் பொருத்தமான மூடியை நான் பார்த்ததில்லை. முக்கியமாக, மேலே தூக்க வேண்டியதில்லை, ஆகவே இழுப்பறையின் உயரம் தடையாகாது. மூடிக்கு மேல் அரை செ.மீ. இடம் இருந்தாலும் போதும். ஆனால் பக்கவாட்டில் சுழல இடம் வேண்டும், இழுப்பறையை நன்றாக வெளியே இழுக்க வேண்டியிருக்கும்.

இடக் கணக்கிலும் மரம் தோற்காது. 20 செ.மீ. சதுரப் பெட்டி, சுவர் 1 செ.மீ., நடுத் தடுப்பு 6 மி.மீ. என்று இவ்வளவு தடிமனாகப் போட்டும் ஒன்பது அறை வருகிறது, ஒவ்வொன்றும் 5.6 செ.மீ. கூட்டினால் 70 விழுக்காடு. தகடு மெல்லியது என்பதால் எவர்சில்வர்தான் இடம் மிச்சம் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். மூலை சதுரமானதும் கணக்கு தலைகீழாகிவிட்டது. 5.6 என்பது என் 6 செ.மீ. விதிக்குக் கொஞ்சம் குறைவு, விரல் தடித்தவர்கள் ஆறு அறையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த மரம்? இங்கே சாலை, கட்டட வேலைகளுக்காக வெட்டப்படும் மரங்களை வீணாக்காமல் அறுத்து மேசை, நாற்காலி செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில் குடை விரித்து நிற்கும் மழைமரம், அதாவது நம் தூங்குமூஞ்சி மரம், அதில் ஒன்று. அங்சானா இன்னொன்று, அது நம் வேங்கையின் பங்காளி, ஒரே பேரினம். சிங்கப்பூரில் நிழல் கொடுத்த மரத்தில் சிங்கப்பூர் வீட்டு அஞ்சறைப்பெட்டி என்பது, சொல்லப்போனால், மூடியில் செதுக்கிய எந்தக் கோலத்தையும்விட எனக்குப் பிடித்த யோசனை. இங்கேயே நன்றாக உலர்ந்த பலகை என்றால் இந்த ஊர்க் காற்றுக்கு ஏற்கெனவே பழகியும் இருக்கும்.

மறைசெலவுகளையும் சொல்லிவிடுகிறேன். முக்கிக் கழுவ முடியாது. தூள் வகைகளை நேரடியாகப் போட்டால் மஞ்சள் துளைகளில் இறங்கி நிரந்தரக் குடியுரிமை வாங்கிவிடும், பெருங்காயம் பக்கத்து அறைச் சீரகத்துக்கும் மணக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் பூச வேண்டும், அதற்குச் சமையல் எண்ணெயை எடுக்காதீர்கள், காறிப்போய் நாறும். உணவுப் பாத்திரங்களுக்கென்றே விற்கும் கனிம எண்ணெய் வேண்டும். ஆக, மரம் வெளியே, எவர்சில்வர் கிண்ணம் உள்ளே. எவர்சில்வர் பகுதியில் விட்டுவைத்த வழி இதுதான்.

## மண்

சுட்ட மண் என்றதும் எல்லாருக்கும் தண்ணீர்ப் பானை நினைவு வரும், அதன் குளிர்ச்சிதான் இங்கே பகை. மெருகிடாத (கண்ணாடிப் பூச்சு இல்லாத) மண்பாண்டம் நுண்துளைகள் வழியாக ஈரத்தை உள்ளே வெளியே விடுவதால்தான் தண்ணீரைக் குளிர வைக்கிறது. அதே துளை வழியாக நம் ஊர் ஈரம் மிளகாய்த்தூளுக்குள் போய்க் கட்டி தட்டும். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கடத்துக்குப் பேர்போன ஊர், அங்கிருந்து ஒரு பானை வாங்குங்கள், ஆனால் மசாலாவுக்கு வேண்டாம்.

மசாலாவுக்கு வேண்டியது ஊறுகாய் ஜாடியின் வகை: 1,200 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டு, கண்ணாடிபோல் இறுகி, மெருகு பூசியது. மஞ்சள் ஒட்டாது, பெருங்காயம் துடைத்தால் போய்விடும். கறை, வாசனை என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் ஐந்திலும் இதுவே முதல்.

ஜாலான் பஹார் பக்கம் லோரோங் தாவாஸில் 1940ல் கட்டிய தோ குவாங் டிராகன் சூளை இன்னும் நிற்கிறது. விறகு போட்டு எரிக்கும் நீளமான சூளை, ஆண்டுக்குச் சில முறைதான் எரிப்பார்கள். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்குப் பால் பிடிக்கும் கிண்ணம் சுட்டுக் கொடுத்த இடம். தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். கையகல மண்கிண்ணம், மரத்தில் சாய்த்துக் கட்டியது. தம்பி, கலாசாரத் தூண்டுதல் தேடினால் இதைப் போய்ப் பாருங்கள். கடுகு வைக்கச் சரியான அளவு.

சிரமம் அளவில்தான். களிமண் காய்ந்தும் சுட்டும் முடிப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு விழுக்காடு சுருங்கும். வாய் 6 செ.மீ. வேண்டுமானால் பச்சை மண்ணில் 6.8 செ.மீ. வைத்து வனைய வேண்டும், அப்படியும் இரண்டு கிண்ணம் ஒன்றுபோல் வராது, ஆகவே ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்தும் வடிவங்களை மண்ணிடம் கேட்காதீர்கள். தனித்தனிக் கிண்ணங்கள், நடுவில் தாராளமான இடைவெளி. மெருகு உணவுக்கு ஏற்றதா, ஈயம் கலக்காததா என்று வனைபவரிடம் கேட்டுத்தான் பூச வேண்டும். குவார்ட்ஸ் மேடையில் விழுந்தால் கிண்ணம்தான் போகும், மேடை சிரிக்கும். ஒன்று உடைந்தால் அதே நிறத்தில் மாற்று கிடைக்காது, கூடவே இரண்டு சுட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## 3டி அச்சு

தம்பியின் செல்லப்பிள்ளை. எந்த வடிவமும் வரும், அறுங்கோண அறை வேண்டுமா, தேன்கூடு மாதிரி இடைவெளியே இல்லாமல் அடுக்கலாம். சோள மாவுச்சத்து, கரும்புச் சர்க்கரையிலிருந்து வரும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை ஒரு கிலோ வாங்கினால் நாலைந்து முறை தப்பாகவே அச்சடித்துப் பார்க்கலாம். நூலகங்களில் உள்ள மேக்ஐடி கூடங்களில் கற்றுக்கொள்ளவும் வழி இருக்கிறது.

ஆனால் பிஎல்ஏ 60 பாகையை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். நான் செய்த முதல் கிண்ணத்தைப் பெருங்காய வாசனை போக வேண்டும் என்று கொதிநீரில் போட்டேன். வட்டமாகப் போனது அவரைக்காய் மாதிரி வெளியே வந்தது. வாசனை அப்படியே இருந்தது. அடுக்கடுக்காக ஊற்றிய வரிகளுக்கு நடுவில் தூள் போய் உட்காருகிறது, தேய்த்தாலும் வருவதில்லை, ஈரம் சேர்ந்தால் அங்கே என்ன வளரும் என்று யோசிக்காமல் இருப்பது நல்லது. மஞ்சள் கறைக்கு மட்டும் ஒரு வைத்தியம் இருக்கிறது, இது எல்லா பிளாஸ்டிக்குக்கும் பொருந்தும்: துணி காயவைக்கும் இடத்தில் நல்ல வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறமி வெளிச்சம் தாங்காது, ஓரிரு நாளில் வெளுக்கும்.

உணவு படும் பாத்திரமாக இதை நான் ஏற்க மாட்டேன். மாதிரி செய்துபார்க்க இதைவிட நல்லது கிடையாது. மரத்தை அறுப்பதற்கு முன், அதே அளவில் ஒன்றை அச்சடித்து, ஒரு வாரம் இழுப்பறையில் வைத்து, காலியாகவே திறந்து மூடிப் பாருங்கள். என் சுழல்மூடியின் முளை எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பது அப்படித்தான் தெரிந்தது. வலது கைக்காரருக்குப் பின்பக்க இடது மூலை.

## ஒரு பார்வையில்

| | நம் ஊர் ஈரம் | ஒற்றைக் கை | கறை, வாசனை | ஒன்றே ஒன்று செய்ய | பிறகு வரும் செலவு |
|---|---|---|---|---|---|
| பித்தளை | மங்கும், களிம்பு பிடிக்கும் | மூடி கனம் | உள்கிண்ணம் வேண்டும் | முடியும், தமிழ்நாட்டில் | மாதாமாதம் தேய்ப்பு |
| எவர்சில்வர் | கவலையில்லை | சுலபம், ஆனால் பெட்டி சுழலும் | ஒட்டாது | முடியாது | ஏறக்குறைய இல்லை |
| மரம் | தள்ளுமூடி சிக்கும், சுழல்மூடி தாங்கும் | மிகச் சுலபம் | இறங்கும், உள்கிண்ணம் வேண்டும் | முடியும், இங்கேயே | எண்ணெய், கவனிப்பு |
| மெருகிட்ட மண் | கவலையில்லை | தனி மூடியானால் சிரமம் | முதல் மதிப்பெண் | முடியும், காத்திருக்க வேண்டும் | உடைந்தால் மாற்றில்லை |
| 3டி அச்சு | வரிகளில் தங்கும் | வடிவத்தைப் பொறுத்தது | மோசம் | உடனே முடியும் | ஓரிரு வருடத்தில் மாற்றுவது |

எந்தப் பெட்டிக்கும் பொதுவாக ஒன்று. 6 செ.மீ. வாய், 4 செ.மீ. ஆழம் உள்ள கிண்ணத்தில் 110 மில்லிலிட்டர்தான் பிடிக்கும். சிறிதாக இருக்கிறதே என்று ஆழத்தைக் கூட்டாதீர்கள். நம் வெக்கையில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் நாள்பட்டால் வண்டு வந்துவிடும். இரண்டு வாரத்துக்கானது பெட்டியில், மீதி இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில். பெருங்காயத்துக்கு எந்தப் பெட்டியிலும் அறை வேண்டாம், அது தன் டப்பாவோடு தனியாக இருக்கட்டும், பக்கத்தில் வைத்தால் போதும்.

## சரி, யாருக்கு எது

வாடகை வீடு, அடிக்கடி மாறுகிறவர், சமையலை மூன்று பேர் மாறி மாறிச் செய்யும் வீடு, பணிப்பெண் சமைக்கும் வீடு என்றால் எவர்சில்வர், யோசிக்கவே வேண்டாம். யாரும் எப்படியும் கையாளலாம். திறந்த சமையலறை, பெட்டி எப்போதும் கண்ணில் படும், வாரத்தில் இரண்டு நாள்தான் சமையல் என்றால் மண்கிண்ணங்களை ஒரு மரத்தட்டில் வைத்து அழகு பார்க்கலாம்.

பொங்கோல் தங்கைக்கு அங்சானா மரப்பெட்டி, சுழல்மூடி, உள்ளே தேக்காவில் வாங்கிய ஆறு கிண்ணம் என்று முடிவானது. அவருடைய இழுப்பறை உள் உயரம் 8.5 செ.மீ., பெட்டியின் உயரம் 7. கிண்ணங்களை முதலில் வாங்கிவிட்டு அளந்தபின் மரத்தை அறுக்கச் சொல்லியிருக்கிறேன், கடைக் கிண்ணத்தின் விளிம்பு மடிப்பை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை, இரண்டு மில்லிமீட்டர் அங்கே போய்விடும்.

தம்பி ரப்பர்ப்பால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் தட்டையாக, சுவரில் மாட்டும்படி, மெருகிட்ட மண்ணில் ஐந்து கிண்ணம், பின்னால் ஒரு மரச்சட்டம். மூடி என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, சுவரில் மாட்டியது திறந்தே கிடந்தால் தாளிக்கிற எண்ணெய்ப்புகை நேராக அதில்தான் இறங்கும். ஆறாவது மாதிரியை அச்சடித்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா சனிக்கிழமை போய் வாங்கிவிட்டார். 18 செ.மீ. என்று எழுதிக்கூடக் கொடுத்தேன். 24 செ.மீ. வாங்கி வந்திருக்கிறார், நாலு வெள்ளிதான் கூட, ஒன்பது கிண்ணமாம். இழுப்பறைக்குள் போகவில்லை. இப்போது ரைஸ் குக்கர் மூடிமேல் உட்கார்ந்திருக்கிறது, தினமும் இரண்டு வேளை ஆவி வாங்கிக்கொண்டு.